பை சுமக்கும் புழுவும் மருந்து சுமந்த தோள்களும்



சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று கெடாவின் எந்த ஊராக இருந்தாலும் சரி, வீட்டுச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கூரைக்குச் சற்றுக் கீழே, அலமாரிக்குப் பின்னால், சாமி மேடைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சப்பையாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அளவு, ஒரு பூசணி விதை அளவுதான். வீட்டுக்குச் சாயம் அடித்தபோது ஒட்டிய சிமெண்டுத் துகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். துடைப்பத்தால் தட்டினால் விழும். சில நாளில் வேறோர் இடத்தில் இன்னொன்று தெரியும்.

பொறுமையோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அந்தத் துகள் நகரும்! ஒரு முனையில் சின்னத் தலை எட்டிப் பார்க்கும். முன்னங்கால்கள் சுவரைப் பற்றும். கூடு முழுவதையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். யாராவது தொட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளும். கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருப்பதால், உள்ளுக்குள்ளேயே திரும்பி மறு வாசல் வழியாகவும் தலையை நீட்டும்.

இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. ஃபெரியேக்கா என்பது அதன் இனப்பெயர். கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியும் இதே குடும்பம்தான். சுவரில் இருக்கும் இந்தப் புழு பழைய சிலந்தி வலை, உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சி என்று நாம் கூட்டித் தள்ளுவதைத்தான் தின்கிறது. மணல், தூசி, நூல் எல்லாவற்றையும் தன் பட்டு இழையால் பின்னிக் கூடு கட்டுகிறது. நம்மைக் கடிக்காது. சேலையைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் போதும், அதற்கு மருந்து அடிப்பது வீண் வேலை.

இந்தச் சுவர்ப்புழுவுக்குப் பங்காளி முறையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கதைதான் இன்றைய பேச்சு. அது வீட்டில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை 'உலாட் புங்குஸ்' என்பார்கள். கடையில் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லும்போது நம் மக்களும் 'புங்குஸ்' என்றுதானே கேட்கிறார்கள், அதே புங்குஸ்தான். தன்னைத் தானே பொட்டலம் கட்டிக்கொண்ட புழு. தமிழில் பைப்புழு என்று சொல்லலாம். உலகில் 1,300 இனங்களுக்கு மேல் உண்டு. ஆனால் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பாட்டெழுதும் நம்மில் எத்தனை பேர் இதன் அந்துப்பூச்சியைப் பார்த்திருப்போம்?

பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது.

பைப்புழு முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதல் வேலையாகத் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்கிறது. இலையைச் சுரண்டி, அந்தத் துண்டுகளைப் பட்டு இழையால் ஒட்டி, தன் உடம்பைச் சுற்றிப் பையாக்குகிறது. வளர வளரப் பையும் வளரும். இலையில் தொங்கியபடியே மேயும். கூட்டுப்புழு ஆவதும் அந்தப் பைக்குள்தான். ஆண் மட்டும் சிறகு முளைத்து வெளியே வரும். செம்பனையைத் தாக்கும் வகையில் அந்த ஆண் நம் விரல் நகத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருக்கும். அதற்குத் தின்ன வாய் கிடையாது. சில நாள் உயிரோடிருந்து துணையைத் தேடுவது ஒன்றே அதன் வேலை.

பெண் எங்கே? அது வெளியே வருவதே இல்லை. சிறகும் இல்லை, நடக்கக் காலும் இல்லை, புழு வடிவிலேயே பைக்குள் கிடக்கும். ஆணை அழைப்பதற்கு ஒரு வாசனையை மட்டும் காற்றில் விடும். ஆண் பூச்சி பையின் வெளிப்புறத்தில் வந்து தொற்றிக்கொண்டு, தன் வயிற்றுப் பகுதியை உள்ளே நீட்டிக் கலந்துவிட்டுப் போய்விடும். பெண் தன் பைக்குள்ளேயே நூற்றிலிருந்து முந்நூறு முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பெண்ணாகப் பிறந்த இந்தப் பூச்சி தான் தின்ற மரத்தைத் தவிர உலகத்தில் எதையும் கண்டிருக்காது.

பறக்காத தாயின் பிள்ளைகள் எப்படி ஊர் ஊராகப் பரவுகின்றன என்று நேயர்கள் கேட்கலாம். பொரித்த குஞ்சுப் புழு ஒரு இழையில் தொங்கும். காற்று அடித்தால் இழையோடு சேர்ந்து பறந்து அடுத்த மரத்திலோ அதற்கடுத்த மரத்திலோ விழும். அவ்வளவுதான் அதன் பயணம். முட்டையிலிருந்து மறுபடி முட்டை வரை ஒரு சுற்று முடிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்.

இலங்கையில் ஒரு நம்பிக்கை உண்டு. போன பிறவியில் விறகு திருடியவன்தான் இந்தப் பிறவியில் குச்சியைக் கட்டிச் சுமக்கும் இந்தப் புழுவாகப் பிறக்கிறான் என்பார்கள். ஜப்பானியர்கள் அதை வைக்கோல் கோட்டு போட்ட பூச்சி என்கிறார்கள். மலாயாத் தோட்டங்களில் இதற்குக் கதை கட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை போலும்.

செம்பனைக்கு வந்த விருந்தாளி

கெடா தோட்டங்கள் நெடுங்காலம் பால்மரத் தோட்டங்கள். அதிகாலையில் பெரட்டு, பிறகு பால் வெட்டு, பால் எடுப்பு என்று போன வாழ்க்கையில் பைப்புழு ஒரு பேச்சாகவே இல்லை. நம் நாட்டில் செம்பனை முதன்முதலில் வாணிப நோக்கில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்பது இங்கே சொல்ல வேண்டிய செய்தி. தமிழன் கூப்பிட்ட பெயரே தோட்டத்துக்கு நிலைத்துவிட்டது. தென்னையும் செம்பனையும் ஒரே குலம் என்பதால் தென்னையில் இருந்த பைப்புழுவுக்குப் புது மரம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ரப்பர் விலை தள்ளாடிய 1960-களுக்குப் பிறகு பால்மரம் சாய்ந்த இடமெல்லாம் செம்பனை எழுந்தது. புழுவுக்கு மைல் கணக்கில் ஒரே பந்தி விரிக்கப்பட்டது.

செம்பனையைத் தாக்கும் பைப்புழுக்களில் மூன்று முக்கியமானவை. மெத்திசா பிளானா, தெரோமா பெண்டுலா, மஹாசேனா கோர்பெத்தி. மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். மகாசேனன் என்பது முருகப் பெருமானுக்கு உரிய பெயர்களில் ஒன்று! 19-ஆம் நூற்றாண்டில் பூச்சிகளுக்குப் பெயர் வைத்த ஆங்கிலேயர் பிரெடரிக் மூர், வடமொழிப் பெயர்களை எடுத்து அந்துப்பூச்சிகளுக்குத் தாராளமாகச் சூட்டினார். கோர்பெட் என்பவர் மலாயா அரசாங்கத்தில் பூச்சியியலாராக இருந்தவர். முருகனும் துரையும் சேர்ந்த பெயர் ஒரு புழுவுக்கு!

புழு இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். சுரண்டிய இடம் காய்ந்து ஓட்டையாகும். கீழ் மட்டைகளில் தொடங்கி மேலே ஏறும். முற்றிய தாக்குதலில் தோப்பே தீப்பிடித்து அணைந்ததுபோல் சாம்பல் பூத்து நிற்கும். மரம் சாகாது, ஆனால் குலை தள்ளாது. இலையில் பாதி போனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என்று 1970-களிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் பேராக், ஜொகூர் மாநிலங்கள் இதனால் அதிகம் அடிபட்டவை. கெடாவில் செம்பனைப் பரப்பு அவற்றைவிடக் குறைவு. ஆனாலும் பால்மரத்தை அழித்துச் செம்பனைக்கு மாறிய சின்னத் தோட்டக்காரர் ஒருவருக்கு 40 விழுக்காடு என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கேள்வி இங்கே எழ வேண்டும். பைப்புழு நேற்று முளைத்ததல்ல. காட்டிலும் தென்னந்தோப்பிலும் காலங்காலமாக இருந்ததுதான். அப்போதெல்லாம் ஏன் தோப்பைக் கருக்கவில்லை?

விடை, மலாயாவில் பணியாற்றிய பிரையன் வூட் என்ற பூச்சியியலாரிடமிருந்து வந்தது. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் செம்பனைத் தோட்டங்களில் மற்றப் பூச்சிகளை ஒழிக்க டிடிடி, டையெல்ட்ரின், எண்ட்ரின் போன்ற நஞ்சுகளை அடித்தார்கள். இலையில் படிந்து நாள்கணக்கில் வீரியம் குறையாத நஞ்சுகள் அவை. அடித்த பிறகுதான் பைப்புழு பெருகியது. மருந்து அடித்தும் ஏன் பெருகியது என்று நிர்வாகங்கள் திகைத்தன. மேலும் அடித்தன. மேலும் பெருகியது.

காரணம் எளிது. புழு பைக்குள் இருக்கிறது. மேலே தெளிக்கும் நஞ்சு பாதி அந்தப் பையிலேயே நின்றுவிடும். ஆனால் பைப்புழுவுக்கு எதிரிகள் பலர் இருந்தார்கள். எறும்பளவுகூட இல்லாத சிறு குளவிகள் பையைத் துளைத்து, புழுவின் உடம்பிலேயே முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வளரும். புழுவைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் உண்டு. இவர்களுக்குப் பை கிடையாது. இலையில் உட்கார்ந்தார்கள், செத்தார்கள். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடன் பெருகிவிட்டான் என்று கூக்குரலிட்ட கதைதான் நடந்தது.

சபாவில், அப்போது வட போர்னியோ என்று பெயர், கோர்டன் கான்வே என்ற இளைஞர் 1961-இல் கொக்கோத் தோட்டங்களில் இதையேதான் கண்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் நிர்வாகத்திடம் சொன்ன யோசனை, மருந்தை நிறுத்துங்கள் என்பது. நிறுத்தினார்கள். காட்டிலிருந்து குளவிகளும் மற்ற எதிரிகளும் திரும்பி வந்தன. பூச்சிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வூட் தம் அனுபவத்தையெல்லாம் 1968-இல் நூலாகவே வெளியிட்டார். கேரளத்திலும் இது போன்ற ஓர் அனுபவம் உண்டு. புளிய மரத்தில் சாதுவாக இருந்த ஒரு பைப்புழு, 1970-களின் கடைசியில் வரிசை வரிசையாக நட்ட அல்பீசியாத் தோப்பைக் கண்டதும் பெரும் படையாக மாறியது. அங்கே காரணம் மருந்து அல்ல, ஒரே மரத்தை ஒரே இடத்தில் குவித்ததுதான்.

யார் தோளில் ஏறியது?

அறிவியல் இப்படி 1960-களிலேயே விடை சொல்லிவிட்டது. ஆனால் அந்த விடை ஆங்கில நூலில், துரைமார்களின் அலமாரியில் இருந்தது. மருந்தைச் சுமந்த தோள்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தெளிப்பதால் பலனில்லை என்று தெரிந்ததும் 1970-களில் புது முறை வந்தது. மரத்தின் அடித்தண்டில் துளை போட்டு, உள்ளே மோனோகுரோட்டோபோஸ் என்ற நஞ்சை ஊற்றி, களிமண்ணால் அடைத்துவிடுவது. நஞ்சு சாற்றோடு ஏறி ஓலைக்குப் போகும், ஓலையைத் தின்ற புழு சாகும். குளவிக்கு நேரடியாகப் படாது. பூச்சிக் கணக்கில் பார்த்தால் இது கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதைக் கையில் எடுப்பவர் யார்? 2013 ஜூலையில் பீகாரில் ஒரு கிராமத்துப் பள்ளியின் மதிய உணவு எண்ணெயில் இந்த மோனோகுரோட்டோபோஸ் கலந்துபோய் 23 பிள்ளைகள் இறந்தார்கள். அத்தகைய சரக்கைத்தான் தோட்டத்தில் மரம் மரமாக அளந்து ஊற்றினார்கள்.

வெளிக்காட்டு வேலை என்றால் தோட்டத்தில் பெரும்பாலும் பெண்கள். புல்லுக்கு மருந்து அடிப்பதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அது பூச்சிக்கான மருந்து அல்ல, பராகுவாட் என்ற களைக்கொல்லி. முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டுத் துணி, காலில் சில சமயம் சிலிப்பர். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத பாட்டிமார் எத்தனை பேர்! மூக்கில் ரத்தம், நகம் சொத்தையாகி விழுதல், தோல் அரிப்பு, கண் எரிச்சல் இவையெல்லாம் வேலையோடு வந்த சம்பளம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாலையில் அதே சட்டையோடு லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார்கள்.

இதை வெளியே கொண்டுவந்ததில் கெடாவுக்கு ஒரு பங்கு உண்டு. சுங்கை பட்டாணியில் 1946-இல் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் தோட்டச் சூழலிலேயே வளர்ந்தவர். அவர் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களின் உடல் நிலையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. அது முழுமையாக நிறுத்தப்பட்டது 2020 ஜனவரி முதல் தேதி. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்! ஐரின் 2014-லேயே காலமாகிவிட்டார்.

ஆக, பைப்புழுவின் கதையைத் தனியாகச் சொல்ல முடியாது. புழுவுக்கு ஒரு பை இருந்தது. மருந்து அடித்தவர்களுக்கு நல்ல கையுறைகூட இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் அதே தோட்டத்தில் உண்டு. 1981-க்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது ஆட்கள் வேலை. மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பூவில் ஊதுவார்கள். பழைய தோட்டத்து அம்மாக்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானிய பூச்சியியலார் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்தபோது, அங்கே அந்த வேலையை ஒரு சின்ன வண்டு செய்துகொண்டிருந்ததைக் கண்டார். 1981-இல் கெமரூன் நாட்டு வண்டுகள் ஜொகூர், குளுவாங் பக்கம் விடப்பட்டன. நாடு முழுவதும் அவை பரவின. பவுடர் ஊதும் வேலை நின்றுபோனது. அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஈடாக என்ன கிடைத்தது என்று எந்த வெற்றிக் கதையும் சொல்வதில்லை. பைப்புழுவுக்குக் கண்மூடித்தனமாக மருந்து தெளித்தால் இந்த வண்டும் சாகும், குலையும் குறையும். நிறுவனங்கள் மருந்து விஷயத்தில் நிதானம் காட்டியதற்குத் தொழிலாளியைவிட இந்த வண்டுக்கு அதிகப் பங்கு இருக்கலாம்.

இன்றைய நிலைக்கு வருவோம். பைப்புழு ஒழியவில்லை. 1986 முதல் 2000 வரை ஒரே பெரிய நிறுவனத்தின் 69 தோட்டங்களில் 60 ஆயிரம் ஹெக்டருக்கு மேல் தாக்குதல் பதிவானது. 2013-இல் அரசாங்கம் பைப்புழுவை ஆபத்தான பூச்சி என்று பயிர்த் தனிமைச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. பெரிய தோட்டமானாலும் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரானாலும் புழுவைக் கண்டால் சும்மா இருக்கக் கூடாது.

இப்போது பரிந்துரைக்கப்படும் முறையில் இரண்டு பாகம். ஒன்று, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. 1911-இல் ஜெர்மனியின் தூரிங்கியாவில், மாவை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு விவரித்ததால் அந்தப் பெயர். அதைத் தெளித்த இலையைத் தின்ற புழுவின் குடல் பொத்துப்போகும். தின்பதை நிறுத்திவிட்டுச் சில நாளில் சாகும். குளவியோ மகரந்த வண்டோ இலையைத் தின்பதில்லை என்பதால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். பெரியதாகிப் பையை மூடிவிட்டால் பலனில்லை.

மற்றொன்று, பூச்செடி. குளவிகள் புழுவைத் தேடி வந்தாலும் அவற்றின் சாப்பாடு பூந்தேன்தான். செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்துத் தரையைத் துடைத்து வைத்தால் குளவிக்குப் பட்டினி. அதனால் தோட்டப் பாதை ஓரங்களில் தேன் தரும் செடிகளை நடுகிறார்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளும் கருமையுமாகப் பூக்கும் துர்னேரா அவற்றில் ஒன்று. காலையில் விரிந்து நண்பகலில் மூடும் அதை எட்டு மணிப் பூ என்பார்கள். இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் படரும் கொடி ரோஜாவும் உண்டு. தோட்டத்தை அழகுபடுத்த நட்டது என்று போகிறவர்கள் நினைக்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது எண்ணுவது. நடு மட்டை ஒன்றை வெட்டி இறக்கி, அதில் உயிரோடிருக்கும் புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். மெத்திசா பிளானா என்றால் மட்டைக்கு ஏறக்குறைய பத்து வந்துவிட்டாலே எச்சரிக்கை. இந்த எண்ணும் வேலையில் இன்று நம்மவர்கள் குறைவு. இந்தோனேசியர், வங்காளதேசியர் கைகளில்தான் அது இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு நம்மவர் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. செம்பனை வைத்திருக்கும் சிலர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கிறார்கள்.

அப்படி வந்து பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஓலையின் அடிப்பக்கத்தில் தொங்கும் பையைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். பையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது கணக்கில் சேரும். பையின் பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு சின்ன வட்டத் துளை இருந்து உள்ளே வெறும் தோல் கிடந்தால், அங்கே குளவி வந்து தின்று வளர்ந்து பறந்துபோய்விட்டது. அந்தப் பையைப் புழுவாக எண்ணாதீர்கள். பத்துப் பையில் ஆறேழு அப்படி இருந்தால், அந்த மாதம் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.